மாடி வீட்டுக்காரியின் முதுகு

நான் ஆளை முகத்தில் படிக்கிறவன். நாலாங்கிளாசோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான், பேப்பர் படிக்க உட்கார்ந்தால் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும். ஆனால் முகம் என்றால் ஒரே பார்வை. மண் சுமந்து, கலவை போட்டு, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, குரோம்பேட்டையிலிருந்து செம்பாக்கம் வரைக்கும் நான் கட்டின வீடுகள் விரிசல் விடாமல் நிற்கின்றன என்றால் அதற்குக் காரணம் சிமெண்ட் இல்லை. எவனை வேலைக்கு வைக்கலாம், எவனை வைக்கக் கூடாது என்று முகத்தைப் பார்த்தே முடிவு செய்தேன். சுவருக்குத் தூக்குகுண்டு, மனுஷனுக்கு என் கண். இதை நானாகச் சொல்லவில்லை, அஸ்தினாபுரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அப்படிப்பட்ட என்னையே ஒருத்தி முழி பிதுங்க வைத்தாள். எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த கொரியாக்காரி. பேர் சொன்னாள், எனக்கு வாயில் நுழையவில்லை. நுழைந்திருந்தாலும் இங்கே எழுதப் போவதில்லை, ஏனென்றால் அவள் அதை விரும்பமாட்டாள்.

ரெண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். மறைமலைநகர்ப் பக்கம் கார் உதிரி பாகம் செய்கிற கம்பெனிகளில் வெளிநாட்டு இஞ்சினியர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். பெரிய ஆபீசர்கள் பட்டணத்துக்குள்ளே பங்களா பிடித்தார்கள். இவள் புருஷன் சின்ன இஞ்சினியர். காலையில் கம்பெனி வேன் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏற்றிக்கொள்ளும் என்று எங்கள் பக்கம் வீடு தேடி வந்தான். தெருவில் எல்லோரும் சைனாக்காரங்க என்றார்கள். கொரியா வேறு, சைனா வேறு என்று தெருவுக்கே சொல்லிக் கொடுத்தது நான்தான்.

வாடகைக்கு வருகிறவர்களை வாசல் கேட் அருகில் நிறுத்தி ஒரு நிமிஷம் முகத்தைப் பார்ப்பது என் வழக்கம். அட்வான்ஸ், அக்ரிமெண்ட் எல்லாம் அப்புறம். அன்றைக்கும் நிறுத்தினேன். அவளோ இடுப்பு வரைக்கும் குனிந்தாள். உச்சந்தலைதான் தெரிந்தது. நிமிர்ந்ததும் கீழே வைத்திருந்த பையை எடுக்கத் திரும்பிக்கொண்டாள். முதுகில் மெத்தை மாதிரி தைத்த துணியால் வரிந்து கட்டின ஒரு கைக்குழந்தை. அது கன்னத்தை அவள் தோளில் சாய்த்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தது. குழந்தை முகத்தைப் பார்த்து வீடு கொடுத்த ஆள் தாம்பரம் தாலுகாவிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அதற்கப்புறமும் அவள் முகம் எனக்குச் சரியாகக் கிடைக்கவில்லை. வந்த புதிதில் வெயிலுக்கு இதமாக இருக்கட்டும் என்று இரண்டு பேருக்கும் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தேன். புருஷன் சாதாரணமாகக் குடித்தான். அவள் பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கி, சுவர்ப்பக்கம் திரும்பி நின்று குடித்தாள். என் வீட்டில், என் சோடாவைக் குடித்துவிட்டு எனக்கே முதுகா? எனக்குச் சுருக்கென்றது. என் முகம் போன போக்கைப் பார்த்துப் புருஷன்காரன் பாதி இங்கிலீஷிலும் பாதி கைச்சாடையிலும் விளக்கினான். அவர்கள் ஊரில் பெரியவர் எதிரே மது குடிக்கும்போது சின்னவர்கள் திரும்பித்தான் குடிப்பார்களாம், அது மரியாதையாம். சோடாவுக்கு அதெல்லாம் கிடையாதாம், ஆனால் இவளுக்கு எல்லாமே சாராயம்தானாம். சொல்லி முடிப்பதற்குள் அவள் அவன் விலாவில் ஒரு இடி கொடுத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு மறுபடியும் திரும்பிவிட்டாள்.

இதுதான் அவள். மரியாதை என்றாலும் முதுகு, சிரிப்பு என்றாலும் முதுகு. மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டித் திரும்பி நின்று வழிவிடுவாள். நான் நேருக்கு நேர் பார்த்தே பழகினவன். இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் திண்டாடினேன்.

தமிழ் என் மனைவியிடம்தான் கற்றாள், அதுவும் அடுப்படித் தமிழ். என் மனைவி என்னை "இன்னாங்க" என்று கூப்பிடுவாள். அதுதான் என் பட்டப்பேர் என்று நினைத்து இவளும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து "இன்னாங்க, தண்ணி வரல" என்றாள். என் மனைவி சிரித்து முடிக்கவே வெகு நேரமானது. அதற்கப்புறம்தான் அண்ணா ஆனேன். என் மனைவி முதல் நாளே அக்காவாகியிருந்தாள். கொரியாக்காரி கேட்ட முதல் கேள்வியே வயசென்ன என்பதுதானே, அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்கு அடுத்த வார்த்தை வராது.

குழந்தையை முதுகில் கட்டுவதுதான் என் மனைவிக்கு ஒப்பவில்லை. இங்கே இடுப்பில் வைத்தால் பிள்ளை முகம் தெரியும், மூக்கு ஒழுகினால் தெரியும், இப்படி மூட்டை மாதிரி பின்னாடி போட்டால் என்ன தெரியும் என்று கேட்டாள். மாடி வீட்டுக்காரி தன் பின்கழுத்தைத் தொட்டுக் காட்டினாள்.

"மூஞ்சி எதுக்கு அக்கா? மூச்சு இங்க வருது. தூங்குறானா தெரியும். ஜுரம் தெரியும்."

 ஆனாலும் அந்தப் பிள்ளையைப் பகலில் பாதி நேரம் என் மனைவிதான் இடுப்பில் வைத்திருந்தாள். எங்களுக்கு ஒரே மகன், துபாயில் இருக்கிறான். கட்டட வேலையில்லை, ஏ.சி. ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை, என் உழைப்பில் படித்தவன். அவன் பையன் அங்கேயே பிறந்தான். ஒரு தடவை லீவில் தூக்கிக்கொண்டு வந்தபோது எங்களைப் பார்த்து வீறிட்டு அழுதது குழந்தை. பழகி, தாத்தா மீசையைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு வந்தபோது பிளேன் ஏறிவிட்டது. அந்தக் குறையை என் மனைவி மாடி வீட்டுப் பிள்ளையிடம் தீர்த்துக்கொண்டாள். நடக்கத் தொடங்கினதும் அது படியிறங்கி நேரே எங்கள் சமையலறைக்குத்தான் வரும்.

கோடையில் அவள் ஒரு பலகாரம் செய்தாள். சிவப்புக் காராமணியைக் குழைய வேகவைத்து, சர்க்கரை போட்டுக் கிளறி, நுணுக்கின ஐஸ் மேல் கொட்டி, பாலை ஊற்றிக் கொடுத்தாள். ஐஸ் வாங்குவதற்கு முதலில் தெருவில் வரும் மீன்காரம்மாவிடம் போயிருக்கிறாள். அந்தம்மா, இது மீனுக்குப் போடுறது, வயித்தால போவும் என்று விரட்டிவிட்டதாம். கடைசியில் வீட்டு ஃபிரிட்ஜில் உறைய வைத்து, துணியில் சுற்றி, எங்கள் அம்மிக்குழவியை வாங்கிப்போய் நுணுக்கினாள். கிண்ணத்தைப் பார்த்ததும் என் மனைவி என் காதில், சுண்டலை யாராவது ஐஸில் போடுவாங்களா என்றாள். நான் சாப்பிடாத சாமான் கிடையாது, வாங்கி ஒரே மூச்சில் சாப்பிட்டேன். பல் கூசியது. இனிப்பா, சோறா, மருந்தா என்று இன்றுவரைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு அதுதான் உயிர். அம்மா ஐஸ் நுணுக்கும் சத்தம் கேட்டால் கைதட்டிக்கொண்டு ஓடும்.

எனக்கு அவளிடம் ஒன்றுதான் தெளிவாகத் தெரிந்தது. அவள் சரியாகத் தூங்குவதில்லை. எப்போதாவது ஒரு நொடி முகம் தெரிந்தால் கண் பாதி மூடினாற்போல இருக்கும். ராத்திரியெல்லாம் பிள்ளை படுத்துகிறது போல என்று நினைத்து, பார்க்கும்போதெல்லாம் "தூக்கம் வருதாம்மா? போய்ப் படு" என்பேன். நான் மட்டுமில்லை. கீரைக்காரி கேட்டாள், மருந்துக்கடைக்காரர் கேட்டார், தாம்பரம் மார்க்கெட்டில் காய் நிறுத்துப் போடுகிற பையன்கூடக் கேட்டான். எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொல்வாள். "இல்ல, தூங்கிட்டேன்."

ஒரு நாள் புருஷன் தனியாக வந்து நின்றான். அவள் ஊருக்குப் போகிறாளாம். ஐ ஆபரேஷனாம். நோ பிராப்ளம், நோ பிராப்ளம் என்று சிரித்தான். கண்ணில் கத்தி வைக்கப் போகிறார்கள், இவன் சிரிக்கிறானே என்று அவன் முகத்தைக் கவனித்தேன். புரிந்துவிட்டது. என் மனைவியிடம் சொன்னேன், "வெளிய சிரிக்கிறான், உள்ளே அழுவுறான். அந்தப் பொண்ணுக்குப் பார்வை போவப் போவுது. கண்ணு சொருவிக்கினே இருந்துச்சே, பார்த்தியா?"

என் மனைவி சுவரில் சாய்ந்துவிட்டாள். தையல் போட்ட கண்ணில் பிள்ளை கையை வைத்துவிடும் என்பதால் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறாள் என்று தெரிந்ததும் சந்தேகமே இல்லை என்றாயிற்று. அன்றைக்குச் சாயங்காலமே தெருக்கோடி அம்மன் கோயிலில், பார்வை திரும்பினால் வெள்ளியில் கண்மலர் சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டாள். கண் நோய்க்கு அம்மனுக்கு வெள்ளிக் கண் வைப்பது எங்களுக்கு வழக்கம். கொரியாவில் இருக்கிற கண்ணுக்கும் நம் அம்மன் பொறுப்பெடுக்குமா என்று கேட்டேன். வாயை மூடுங்க என்றாள்.

ஒரு மாதத்துக்கு மேலேயே பிள்ளை எங்களிடம் வளர்ந்தது. ராத்திரி மட்டும் அப்பன் வந்து தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப்போவான். முதலில் மாடியைக் காட்டிக் காட்டி அழுதது. பிறகு அழுகை நின்றது. பருப்புச் சோறு கேட்டது. என் மனைவி சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றியது.

அவள் வந்திறங்கிய அன்று வாசலில் எல்லோரும் நின்றோம். பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். வழக்கம்போலக் குனிந்தாள், நிமிர்ந்தாள், கண்ணாடியைக் கழற்றினாள். கண் இரண்டும் பெரிசு பெரிசாக இருந்தது. இமையில் புதுசாக ஒரு மடிப்பு. லேசான வீக்கம். மூக்கும் வாயும் பழசுதான், ஆனால் ஆள் வேறு.

என் மனைவி பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள். "இன்னாங்க, இது அதோட தங்கச்சியா?"

வந்தவள் பிள்ளையைப் பார்த்துக் கையை நீட்டினாள். பிள்ளை உற்றுப் பார்த்தது. அப்புறம் வீறிட்டுக்கொண்டு என் மனைவி கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. அவள் அவர்கள் பாஷையில் கூப்பிடக் கூப்பிட அழுகை ஏறியது. என் பேரனும் எங்களைப் பார்த்து இப்படித்தான் அழுதான், எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

விஷயம் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. நோய் எதுவும் இல்லை. அழகுக்காகச் செய்த ஆபரேஷன்.  நம்மவர்கள் சம்பாதிக்கப் பிளேன் ஏறுவார்கள், படிக்க ஏறுவார்கள். இமையில் ஒரு மடிப்பு வைக்கப் பிளேன் ஏறினவளை அப்போதுதான் பார்த்தேன். ஏம்மா இப்படி என்று கேட்டேவிட்டேன்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அவர்கள் ஊரில் இது சாதாரணமாம். காலேஜ் முடித்தபோதே அம்மா செய்துகொள்ளச் சொன்னாளாம். என் கண் எனக்குப் போதும் என்று மறுத்துவிட்டாளாம்.

"அப்புறம் இங்க வந்தேன் அண்ணா. எல்லாரும் தூக்கமா, தூக்கமானு கேட்டாங்க."

அக்கறையில் கேட்டதை இப்படியா எடுத்துக்கொள்வது? 

பிள்ளை அவளிடம் போகவில்லை. காலையில் இறங்கி வருவாள். அது கட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். வாரம் திரும்பியும் அப்படியே. ஐஸ் நுணுக்கி, காராமணி போட்டு எடுத்து வந்தாள். பிள்ளை கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டு என் மனைவி மடியில் உட்கார்ந்து தின்றது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். சிரிக்கிறாளா, வேறு ஏதாவதா, எனக்குப் படிக்க வரவில்லை.

என் மனைவி என்னிடம் மட்டும் கவலைப்பட்டாள், பிள்ளை அம்மாவை ஒரேயடியாக மறந்துவிட்டால் என்ன செய்வது என்று. கவலைப்பட்டாளே தவிர, இடுப்பிலிருந்து பிள்ளையை இறக்கவில்லை. அதையும் நான் கவனித்தேன். கவனித்து என்ன செய்ய?

கொஞ்ச நாளில் பழகிவிடும் என்று மாடி வீட்டுக்காரியிடம் நான் சமாதானம் சொன்னபோது அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"பழைய மூஞ்சி கேக்கிறான் அண்ணா. அது என்கிட்ட இல்ல."

மறுநாள் மத்தியானம் கரண்ட் போயிருந்தது. நான் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி தரையில் உட்கார்ந்து பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். மாடியிலிருந்து அவள் இறங்கி வந்தாள். கையில் அந்தப் பழைய மெத்தைத் துணி. பிள்ளையைப் பார்க்கவேயில்லை. கூப்பிடவில்லை, கொஞ்சவில்லை. நேரே நடுஹாலுக்கு வந்து, பிள்ளைக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய் விரித்து வைத்தாள். பிள்ளையை முதுகில் ஏற்றும்போது எப்போதும் சொல்கிற ஒரு வார்த்தையைச் சொன்னாள். அப்புறம் சும்மா இருந்தாள்.

பிள்ளை சோற்றை மெல்லுவதை நிறுத்தியது. அந்த முதுகையே பார்த்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள், பிறகு மெல்லப் பிள்ளையைச் சுற்றியிருந்த கையை எடுத்தாள். அவள் செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான் என்பேன். பிள்ளை எழுந்தது. இரண்டடி வைத்து நின்றது. குந்தியிருந்தவள் அசையவில்லை, திரும்பவில்லை. பிள்ளை கிட்டே போய்ப் பின்கழுத்தில் மூக்கை வைத்தது. அப்புறம் பருப்புக் கையோடு தோளைப் பிடித்து ஏறிக்கொண்டது.

பிள்ளைக்கு முதுகு காட்டினாள் என்றால் எனக்கு முகம் காட்டினாள் என்று அர்த்தம். அவள் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் காத்திருந்த முகம், என் நாற்காலிக்கு நேரே, முழுசாக, அந்தப் புதுக் கண்ணோடு. நான் படிக்கவில்லை. தலையைக் குனிந்து பேப்பரை எடுத்துக்கொண்டேன்.

பிள்ளை அழுதது கண் மாறினதாலா, இல்லை ஒரு மாதம் விட்டுப் போன கோபத்திலா? பலமுறை யோசித்துவிட்டேன், விளங்கவில்லை. ஒன்று மட்டும் பார்த்தேன். அதற்கப்புறம் பிள்ளை முதுகிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து மடிக்கும், கொஞ்சம் கொஞ்சமாக முன்பக்கம் வந்து சேர்ந்தது.

வேண்டுதலைத் தீர்த்தே ஆக வேண்டும் என்று என் மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். நோயே இல்லையே, எதற்கு என்றால், கண் ஆபரேஷன் நடந்ததா இல்லையா என்று கேட்டாள். மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம், பிள்ளை முதுகில். வெள்ளிக் கண்மலரை வாங்கி அவள் தன் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"இது இன்னும் பெருசு அக்கா. நல்லா கீது."

பூசாரி, யாருக்குக் கண் நோய், குணமாச்சா என்று விசாரித்தார். என் மனைவி என்னைப் பார்க்க, நான் அம்மனைப் பார்த்தேன். கொரியாக்காரியே சொன்னாள், "ஆயிடுச்சு சாமி." பூசாரி குங்குமம் கொடுக்கும்போது அவள் முகத்தைக் கவனித்து, "கண்ணு வீங்கியிருக்கும்மா, அலைச்சலா? போய் நல்லா தூங்கு" என்றார்.

அவள் சட்டென்று திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. தோளோடு சேர்ந்து பிள்ளையும் குலுங்கியது, அதற்கு அது விளையாட்டாக இருந்ததால் கெக்கலி கொட்டியது.

பிறகு கம்பெனி அவள் புருஷனை வேறு தேசத்துக்கு மாற்றிவிட்டது. போகும் நாளில் என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். மாடி வீட்டுக்காரி குனிந்து கும்பிட்டுவிட்டு, திரும்பி, கார் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவளுக்குப் பதிலாக முதுகிலிருந்த பிள்ளை எங்களையே பார்த்துக்கொண்டு போனது. எங்கே இருக்கிறார்களோ, தெரியாது.

அடுத்த வருஷம் மகன் லீவில் வந்தான். மீனம்பாக்கத்துக்குப் போய் வாசலில் காத்திருந்தோம். பேரன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தான், எங்களைப் பார்த்ததும் நின்றான். உதடு பிதுங்கத் தொடங்கியது. நான் முகத்தை இளிப்பாக வைத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினேன். உதடு இன்னும் பிதுங்கியது.

என் மனைவி பையை என்னிடம் கொடுத்தாள். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகி, அத்தனை கூட்டத்துக்கு நடுவில், பேரனுக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். டிராலி தள்ளுகிறவர்கள் சுற்றிப் போனார்கள். மகன், "அம்மா, என்னம்மா இது, எழுந்திரு" என்றான்.

"நீ சும்மா இரு. இன்னாங்க, நீங்களும் அந்தாண்ட திரும்புங்க. பார்க்கக் கூடாது."

திரும்பி நின்றேன். எதிரே டாக்சிக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. வெகு நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் என் மனைவி முனகிக்கொண்டு எழுந்திருப்பது கேட்டது. அவள் முட்டிவலிக்காரி, வெறுமனே எழுந்தாலும் முனகுவாள். ஆனால் இது வேறு முனகல். சுமை தூக்கிப் பிழைத்தவன் நான், சுமையோடு எழுகிற முனகல் எனக்குத் தெரியாதா?